தந்தி நடையும் தந்திக்காரர் கையும்

சிறுகதைத் தொகுதி ஒன்றுக்கு மதிப்புரை எழுதுகிறவர் ஆசிரியரைப் பாராட்டியாக வேண்டும். எதைச் சொல்லிப் பாராட்டுவது என்றுதான் புரியவில்லை. அந்தச் சங்கடத்தில் அவருக்கு உதவ ஒரு சொற்றொடர் தயாராக இருக்கிறது. ‘தந்தி நடையில் எழுதுகிறார்’ என்று போட்டுவிடலாம். எழுவாய் இருந்தால் பயனிலை இராது. பயனிலை இருந்தால் எழுவாய் இராது. ஒரு பத்திக்குள் முற்றுப்புள்ளிகள் பத்து. இதுதான் தந்தி நடை என்று நாம் எல்லாரும் ஒப்புக்கொண்டு விட்டோம். சில சமயம் பாராட்டாகவும், சில சமயம் குறையாகவும் இதைச் சொல்கிறோம். எப்படிச் சொன்னாலும், அந்தச் சொல்லைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

இந்தியாவில் தந்திச் சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதியோடு முடிந்துபோயிற்று. இன்று கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளில் தந்திக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பிரித்தவர்கள் இருக்க நியாயமில்லை. ஆனாலும் மார்கழிக் குளிரில் பல் தந்தி அடிக்கத்தான் செய்கிறது. மேடை ஏறியதும் கால் தந்தி அடிக்கிறது. விமர்சகரும் தந்தி நடை என்கிறார். பொருள் போன பிறகும் சொல் தங்குவது மொழியில் சகஜம். அதிலே குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் விமர்சனத்தில் வழங்கும் சொல் அப்படித் தங்கும்போது, அது எதைக் குறித்தது என்பதை ஒரு முறையாவது நினைத்துப் பார்ப்பது நல்லது.

தந்தி ஆபீசில் இரண்டு பாஷைகள் புழங்கின. ஒன்று, காசு கொடுத்தவரின் பாஷை. மற்றொன்று, கருவிக்கு முன்னால் உட்கார்ந்து விசையைத் தட்டியவரின் பாஷை. நாம் தந்தி நடை என்னும்போது முதலாவதை மட்டும் நினைக்கிறோம். இரண்டாவது பாஷை பொதுஜனங்கள் காதில் விழவே இல்லை. எழுத்தாளன் படிக்க வேண்டிய பாடம் அந்த இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் காசு கொடுத்தவரின் பாஷையைப் பார்ப்போம். தெப்பக்குளம் தபால் ஆபீசிலிருந்து ஒருவர் தந்தி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி.’ நான்கு சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கட்டணம் உண்டு. ஆகவே யாருடைய தாய், என்ன நோய், எப்போது விழுந்தாள், நினைவு இருக்கிறதா, யார் பெயரைச் சொல்லிக் கேட்டாள் என்பதெல்லாம் கவுண்டருக்கு வெளியிலேயே நின்றுவிட்டன. இதைப் பெற்றுக்கொண்டவர்களுக்கு ‘சீரியஸ்’ என்ற சொல்லுக்குப் பெரும்பாலும் என்ன அர்த்தம் என்று தெரியும். தாய் போய்விட்டாள், வழிப்பயணத்தில் மகன் தவித்துப் போகக்கூடாது என்று ஒரு சொல் குறைத்துச் சொல்லியிருக்கிறார்கள் என்பதுதான் அதன் அர்த்தம். அந்த ஒரு பொய்யில் மட்டும் மனிதர் இருந்தார். மற்ற மூன்று சொற்களிலும் கட்டண விகிதம் இருந்தது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். தந்தி பெரும்பாலும் ஆங்கிலத்தில் வந்தது. ஆண்டார் தெருவிலோ உறையூரிலோ ஒரு வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்தால், கையெழுத்துப் போடத் தெரியாத பெண்மணி கைநாட்டு வைத்து அதை வாங்குவாள். பிறகு பக்கத்து வீட்டுப் பையனைத் தேடுவாள். எஸ்.எஸ்.எல்.சி. படித்த அந்தப் பையனுக்கு, அவள் தாய் இறந்த செய்தி அவளுக்கு முன்பாகவே தெரிந்துவிடும். காகிதத்திலிருந்து கண்ணை எடுத்து அவள் முகத்தைப் பார்க்கும் அந்த ஒரு கணம் இருக்கிறதே, அதுதான் கதை. நம்முடைய கதைகளிலும் சினிமாப் படங்களிலும் தந்தி எத்தனையோ முறை வந்திருக்கிறது. கதாநாயகன் தந்தியைப் படிக்கிறான். காகிதம் கை நழுவி விழுகிறது. அடுத்த காட்சியில் ரயில் ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பையனை யாரும் எழுதவில்லை என்று சொல்ல மாட்டேன், எழுதியவர்கள் குறைவு. துக்கத்தை எழுதும் சிரமத்திலிருந்து எழுத்தாளனைத் தப்பவைக்கும் சாதனமாகத்தான் தந்தி அதிகம் பயன்பட்டது.

இதைவிட விசேஷமான ஒன்றும் தந்தி இலாகாவில் இருந்தது. வாழ்த்துத் தந்திக்கென்று அச்சடித்த வாக்கியங்களின் பட்டியல் அது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு எண். தீபாவளி வாழ்த்து 1. நீண்டகாலம் இன்பமாக மணவாழ்வு நடத்த வாழ்த்துவது 8. இளந்தம்பதிகள் மீது தேவலோகத்து ஆசிகளைப் பொழியச் செய்வது 16. அனுப்புகிறவர் எண்ணை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். கம்பியில் எண்தான் போகும். மறுமுனையில் இருக்கும் குமாஸ்தா பட்டியலைப் பார்த்து முழு வாக்கியத்தையும் பூப்போட்ட காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். கட்டணமும் மலிவு. கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்ததும் ஒருவர் எழுந்து வந்திருக்கும் தந்திகளை வாசிப்பார். எட்டு, எட்டு, பதினாறு, எட்டு. சபையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அந்தப் பட்டியலை இலக்கியப் படைப்பாக எடுத்துக்கொண்டு மதிப்பிட்டால் என்ன சொல்வது? வாக்கியங்களில் பிழை கிடையாது. எண்ணம் நல்ல எண்ணம். ஆனால் அவற்றை எழுதியவர் ஒருவரும் இல்லை. கொடுத்தவர் எண்ணைத்தான் எழுதினார். குமாஸ்தா எழுதியது அவர் கருத்து அல்ல. பெற்றவருக்கு அன்பு வந்து சேர்ந்ததா என்றால், சேர்ந்தது. ‘மாமா மறக்காமல் தந்தி கொடுத்திருக்கிறார்’ என்ற அளவுக்குச் சேர்ந்தது. வாக்கியம் அந்தக் காரியத்துக்குத் தேவைப்படவே இல்லை.

இலாகாவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவசரத்துக்கும் ஏழைக்கும் அது செய்தது உபகாரம். என் வருத்தமெல்லாம் நம் வசன இலக்கியத்தைப் பற்றியது. ‘தலையில் இடி விழுந்தாற்போல் இருந்தது’, ‘கண்கள் குளமாயின’, ‘காலடியில் பூமி நழுவியது’, ‘அந்த மௌனத்தில் ஆயிரம் அர்த்தங்கள் இருந்தன’ என்றெல்லாம் எழுதுகிறோமே, அவை எட்டாம் எண்ணும் பதினாறாம் எண்ணும் அல்லாமல் வேறென்ன? எழுத்தாளர் எண்ணை அனுப்புகிறார். வாசகர் தம்மிடம் இருக்கும் பட்டியலைப் பார்த்து நிரப்பிக்கொள்கிறார். வாக்கியத்தை எவ்வளவு ஒடித்துப் போட்டாலும் இந்த நிலைமை மாறாது. ‘இடி. தலையில்.’ என்று எழுதினாலும் அது எட்டாம் எண்தான்.

இனி இரண்டாவது பாஷைக்கு வருகிறேன். ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியில் ஒரு பெரியவர் இருந்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் கம்பியில்லாத் தந்தி பழகியவர். யுத்தம் முடிந்து, ரயில்வேயில் சிக்னலராகச் சேர்ந்து, அதிலேயே பென்ஷன் வாங்கினார். அவர் வேலைக்கு வந்த புதிதில் தென்னிந்திய ரயில்வேயின் தலைமை ஆபீஸ் திருச்சியிலேயே இருந்தது. 1951 ஏப்ரலில் அந்த ரயில்வே தெற்கு ரயில்வேயோடு கலந்தது. அந்த நாளைத் தந்திக் குறிகள் எதுவும் அவருக்கு மறக்கவில்லை. திருச்சி ஜங்ஷன் டி.பி.ஜே. மாயவரம் எம்.வி. தஞ்சாவூர் டி.ஜே. பொன்மலை ஜி.ஓ.சி. வாசகர்கள் தங்கள் ரயில் டிக்கெட்டை எடுத்துப் பார்க்கலாம். இன்றைக்கும் அந்தக் குறிகள்தான். டிரிச்சினாப்பள்ளி என்று சொல்வார் இல்லை, மாயவரம் மயிலாடுதுறை ஆகிவிட்டது. குறி மட்டும் பழைய பெயரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

தந்தி நடையைப் பற்றி அவரிடம் ஒரு தடவை பேச்சு வந்தது. “அது ஜனங்க எழுதிக் கொடுக்கிற பாஷைங்க. நாங்க அதைத் தூக்கிக் கொடுக்கிற கூலி. எங்க பாஷை வேற. ரெண்டு சேதிக்கு நடுவுல போகும்” என்றார்.

“நடுவில் என்ன பேசுவீர்கள்?” என்று கேட்டேன்.

“கேக்குதான்னு கேப்போம். மெதுவா அடிய்யான்னு சொல்லுவோம். வேற என்னங்க பேச இருக்கு?” என்று சிரித்தார்.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னதற்குப் பின்னால் ஒரு பெரிய புத்தகமே இருக்கிறது. கப்பல்களும் கரை நிலையங்களும் கம்பியில்லாத் தந்தியில் பேசத் தொடங்கியபோது, ஒரு நாட்டுக்காரர் அடிப்பது இன்னொரு நாட்டுக்காரருக்குப் புரிய வேண்டியிருந்தது. பிரிட்டிஷார் தங்கள் கப்பல்களுக்காக மூன்றெழுத்துக் குறிகளைத் தயார் செய்தார்கள். எல்லாம் ‘க்யூ’ என்ற எழுத்தில் தொடங்கும். 1912-இல் லண்டனில் கூடிய சர்வதேச மகாநாடு அப்படிப்பட்ட பட்டியல் ஒன்றை எல்லா நாடுகளுக்கும் பொதுவாக ஏற்றுக்கொண்டது. ‘எஸ்.ஓ.எஸ்.’ என்ற ஆபத்துக் குறி அதற்கும் முன்பே, 1906-இல் பெர்லினில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. ஆபத்துக் குறி உலகப் பிரசித்தம் அடைந்தது. க்யூ குறிகளுக்கு அந்தப் புகழ் கிடைக்கவில்லை. என் ரசனைக்கு இந்தப் பட்டியல்தான் உயர்ந்தது.

இதன் இலக்கணம் மிக எளிது. குறிக்குப் பின்னால் கேள்விக்குறி போட்டால் அது கேள்வி. போடாவிட்டால் அதுவே பதில். ‘க்யூ.ஆர்.கே.?’ என்றால், நான் அனுப்புவது உமக்குத் தெளிவாகப் புரிகிறதா? ‘க்யூ.ஆர்.எஸ்.?’ என்றால், இன்னும் மெதுவாக அனுப்பட்டுமா? ‘க்யூ.ஆர்.எல்.?’ என்றால், வேலையாக இருக்கிறீரா? ‘க்யூ.ஆர்.எக்ஸ்.?’ என்றால், மறுபடி எப்போது கூப்பிடுவீர்? ‘க்யூ.எஸ்.எல்.?’ என்றால், கிடைத்ததென்று ஒப்புச் சொல்ல முடியுமா? ‘க்யூ.டி.எச்.?’ என்றால், எந்த இடத்தில் இருக்கிறீர்? கேட்பவனும் பதில் சொல்பவனும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்கிறார்கள். எஜமானுக்கு ஒரு சொல், சேவகனுக்கு ஒரு சொல் என்று கிடையாது.

இடைஞ்சலுக்கு மட்டும் எத்தனை பெயர்கள்! பிற நிலையங்கள் குறுக்கே புகுந்து கெடுத்தால் ‘க்யூ.ஆர்.எம்.’ இடி மின்னல் முதலிய வான்கோளாறால் கெட்டால் ‘க்யூ.ஆர்.என்.’ நடுவிலே ஒலி மங்கியும் ஏறியும் வந்தால் ‘க்யூ.எஸ்.பி.’ மனிதன் செய்யும் இடைஞ்சலையும் இயற்கை செய்யும் இடைஞ்சலையும் இத்தனை நுட்பமாகப் பிரித்துப் பார்க்கும் விமர்சன பரிபாஷை நம்மிடம் இல்லை. நாவலாசிரியர் தம் பாத்திரம் பேசிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே வந்து உபதேசம் செய்தால் அது க்யூ.ஆர்.எம். என்று குறித்துவிடலாம். பத்தாவது வாரம்வரை கணீரென்று வந்த தொடர்கதை இருபதாவது வாரத்தில் மங்கினால் க்யூ.எஸ்.பி. இன்னொரு குறியைப் பத்திரிகை ஆபீஸ்களிலே சுவரில் எழுதி வைக்கலாம். ‘க்யூ.ஆர்.யு.?’ என்றால், எனக்குக் கொடுக்க உம்மிடம் ஏதாவது இருக்கிறதா என்று கேள்வி. கேள்விக்குறி இல்லாமல் வந்தால், உமக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. அத்தோடு விசையிலிருந்து கையை எடுத்துவிடுவார்கள். சொல்ல ஒன்றும் இல்லாதபோது அதை மூன்று எழுத்தில் சொல்லி நிறுத்தும் நாணயம் எழுத்தாளர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இந்தப் பட்டியலில் க்யூ.ஆர்., க்யூ.எஸ். என்று தொடங்குபவற்றை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஒன்று புலப்படும். பெரும்பாலும் இவை செய்தியைப் பற்றிப் பேசுவதில்லை. செய்தி போய்ச் சேருகிறதா என்பதைப் பற்றியே பேசுகின்றன. நம் பெரியவர்கள் கடிதத்தில் ‘இங்கு யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்’ என்று முதல் வரி எழுதுவார்களே, அந்த ஜாதி. தன்னைச் சொல்வதற்கு முன்னால் எதிரில் இருப்பவன் நிலைமையைக் கேட்டுக்கொள்வது. காசு கொடுத்தவர் சொல்லைக் குறைத்தது தம் பணத்துக்காக. தந்திக்காரர் சொல்லைக் குறைத்தது, இடியிலும் இரைச்சலிலும் எதிராளிக்குக் காது கேட்கவேண்டும் என்பதற்காக. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். எழுத்தில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கருதியதுதான் ‘தந்தி நடை’ என்ற சொல்லால் விளைந்த குழப்பம்.

தந்திக்காரர் பாஷையிலும் தேய்மானம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கத் தந்திக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எண்களால் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள். அவற்றில் 73 என்பது இன்றும் வானொலி அமெச்சூர்களிடையே வழங்குகிறது. பேச்சை முடிக்கும்போது ‘73’ என்றால் அன்பான வணக்கம். 1857-இல் வெளியான ஒரு பட்டியலில் அதே எண்ணுக்கு ‘என் காதல் உனக்கு’ என்று பொருள் போட்டிருந்தது. இரண்டே வருஷத்தில், 1859-இல் வெஸ்டர்ன் யூனியன் கம்பெனி ஏற்ற பட்டியலில் அது உபசார வார்த்தையாகிவிட்டது. பிறகு வந்தவர்களுக்கு அன்பையும் முத்தத்தையும் சொல்ல 88 என்று வேறு எண் வேண்டியிருந்தது. எண்ணாக்கிய உணர்ச்சி எப்படித் தேயும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். க்யூ.ஆர்.எம். நூறு வருஷத்துக்கு மேலாகியும் தேயவில்லை. இரைச்சலைக் குறித்த சொல் நிலைக்கிறது. காதலைக் குறித்த எண் கரைகிறது. சரக்கின் பெயரை எண்ணால் குறிக்கலாம், மனத்தை எண்ணால் குறிக்க முடியாது என்று இதை எழுத்தாளன் எடுத்துக்கொள்ளலாம்.

குறிமொழி நமக்கு அந்நியச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். நம்முடைய பழைய கணக்குப் புத்தகங்களில் வருஷத்துக்கும் மாசத்துக்கும் பற்றுக்கும் வரவுக்கும் மேற்படிக்கும் தனித்தனிச் சுழிகள் இருந்தன. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர் பாஷையும் குறிமொழிதான். ஆனால் அது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாமல் மறைப்பதற்கு. ஸ்ரீரங்கத்திலோ வைஷ்ணவர்கள் ‘கோயில்’ என்று சும்மா சொன்னால் அது ஸ்ரீரங்கம் ஒன்றைத்தான் குறிக்கும். ‘மலை’ என்றால் திருப்பதி. உள்ளே இருப்பவனுக்கு அந்த ஒரு சொல்லில் ஏழு பிராகாரமும் தெரியும். வெளியே இருந்து வந்தவனோ ‘எந்தக் கோயில்?’ என்று கேட்டுவிட்டு விழிப்பான்.

அதே ஸ்ரீரங்கத்தில் சுருக்கத்தைப் பற்றிய இன்னொரு பாடமும் கிடைக்கிறது. திருவாய்மொழியில் 1,102 பாசுரங்கள். அதற்குப் பெரியவர்கள் செய்த வியாக்கியானங்களை ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி என்று அளவாலேயே அழைக்கிறார்கள். 32 எழுத்து கொண்டது ஒரு கிரந்தம். அதுதான் படிக்கு அளவு. முப்பத்தாறாயிரம் என்றால் 11,52,000 எழுத்து. ஸ்ரீரங்கத்தில் நம்பிள்ளை சொன்னவற்றை வடக்குத் திருவீதிப் பிள்ளை எழுதிவைத்தது அது; ‘ஈடு’ என்று பெயர். தந்தி ஆபீசைப் போலவே இங்கேயும் எண்ணித்தான் அளந்திருக்கிறார்கள். ஆனால் அங்கே எண்ணியது குறைப்பதற்கு. இங்கே எண்ணியது விரிந்ததை அளப்பதற்கு.

இங்கேதான் என் வாதத்தின் முடிச்சு இருக்கிறது. சுருக்கம் என்பது ஒரு முனையில் மிச்சம் பிடித்ததை மறுமுனையில் செலவழிப்பது. எட்டாம் எண்ணை மறுமுனையில் குமாஸ்தா விரித்தார். ஒரு பாசுரத்தை மறுமுனையில் வியாக்கியானக்காரர் விரித்தார். குமாஸ்தாவிடம் அச்சடித்த பட்டியல் இருந்தது. திருச்சியில் விரித்தாலும் டில்லியில் விரித்தாலும் ஒரே வாக்கியம்தான் வரும். வியாக்கியானக்காரருக்கு அந்தப் பட்டியல் கிடையாது. குரு சொன்னதும், பரம்பரையும், தம் வாழ்வும்தான் முதல். அதனால் ஒரே பாசுரம் ஐந்து விதமான படிகளாக விரிந்தது. இலக்கியத்தின் சுருக்கம் இந்த இரண்டாவது வகை. வாசகனிடம் பட்டியல் இருக்கிறது என்று நம்பிச் சுருக்கினால் எட்டாம் எண். வாசகனிடம் வாழ்க்கை இருக்கிறது என்று நம்பிச் சுருக்கினால் இலக்கியம்.

இந்த உரைகல்லில் ஒருவரை வைத்துப் பார்க்கலாம். தமிழில் தந்தி நடை என்றதும் பலர் நினைவுக்கு வருகிறவர் சுஜாதா (1935–2008). ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியிலும் பிறகு சென்னை எம்.ஐ.டி.யிலும் படித்து, விமானப் போக்குவரத்து இலாகாவிலும் அதன்பின் பாரத் எலெக்ட்ரானிக்ஸிலும் வேலை பார்த்தவர். க்யூ குறிகள் காற்றிலே மிதக்கும் உலகத்திலிருந்து எழுத வந்தவர் என்று சொன்னால் தவறாகாது. அவர் வாக்கியங்கள் சின்னவை. ஆனால் அவருடைய ஸ்ரீரங்கத்துக் கதைகளை நிதானமாகப் படித்தால், சொல்லைக் குறைத்ததில் அவர் கெட்டிக்காரத்தனம் இல்லை என்பது தெரியும். சித்திரை வீதித் திண்ணைகளிலும் கடை வாசலிலும் நடக்கும் பேச்சை அவர் பாதியில் விடுவார். விட்ட பாதி வாசகனுக்குத் தெரிந்த பாதி. அந்த இடத்தை அவர் காதால் கண்டுபிடித்திருக்கிறார். எதிராளிக்கு எதுவரை கேட்கிறது என்று ஒவ்வொரு வரியிலும் விசாரித்துக்கொண்டே போகிறவரின் எழுத்து அது. தந்திக்காரர் பாஷை என்று நான் சொன்னது இதைத்தான்.

எல்லாக் கதையிலும் இப்படியே எழுதினார் என்று சொல்ல மாட்டேன். வாரப் பத்திரிகையின் அவசரத்தில், விரித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லாத சுருக்கங்களும் அவரிடம் உண்டு. பின்னால் வந்த பலர் அவரிடம் எடுத்துக்கொண்டது அந்த அவசரத்தைத்தான். முற்றுப்புள்ளிகளைப் பிரதி செய்தார்கள். காதைப் பிரதி செய்ய முடியவில்லை. ‘மழை. அவள். குடை இல்லை.’ என்று எழுதினால் சுஜாதா ஆகிவிடலாம் என்று ஒரு தலைமுறையே நினைத்தது. அது காசு கொடுத்தவர் பாஷை. ஆனால் இப்போது சொல்லுக்கு இத்தனை என்று யாரும் காசு கேட்பதில்லை. கட்டணம் போன பிறகும் கஞ்சத்தனம் மட்டும் ஏன்?

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. எழுதுகிறவன் எதிரில் வாசகன் இல்லையே, யாரிடம் ‘கேட்கிறதா?’ என்று விசாரிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தந்திக்காரருக்கு உடனே பதில் வரும், எழுத்தாளனுக்கு வராது. திருச்சி விமான நிலையத்தில் இறங்க வரும் ஒவ்வொரு விமானத்துக்கும் இன்றைக்கும் ஒரு க்யூ குறியைச் சொல்கிறார்கள்: க்யூ.என்.எச். விமானம் தரையில் நிற்கும்போது, அந்த இடம் கடல் மட்டத்துக்கு எவ்வளவு மேலே என்று உயரமானி காட்ட வேண்டும். அதற்காகத் திருத்தி வைக்கவேண்டிய காற்றழுத்த எண் அது. தந்தி போய்விட்டது, மோர்ஸ் அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற சர்வதேச நிபந்தனையும் 2003-இல் அமெச்சூர்களுக்குத் தளர்ந்துவிட்டது. இந்தக் குறி மட்டும் வாயால் சொல்லப்பட்டு உயிரோடு இருக்கிறது. கோபுரம் எண்ணைச் சொன்னால் விமானி அதைத் திருப்பிச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கோபுரம் விடாது. ஒரு இலக்கம் பிசகினால் விமானி தாம் இருக்கும் உயரத்தைத் தவறாக நினைத்துக்கொள்வார்.

எழுத்தாளனுக்குத் திருப்பிச் சொல்ல ஆள் இல்லை என்பது உண்மைதான். அதனாலேயே அவன் இரண்டு முனையிலும் தானே உட்கார வேண்டியிருக்கிறது. எழுதியதை, எழுதியவனல்லாத ஒருவனாக இருந்து வாங்கிப் பார்க்க வேண்டும். எந்தச் சொல்லை நீக்கினால் தெளிவு கூடுகிறது, எந்தச் சொல்லை நீக்கினால் வெறும் கெட்டிக்காரத்தனம் கூடுகிறது என்று அப்போது தெரியும். சில இடங்களில் சொல்லைக் கூட்டவும் வேண்டிவரும். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலிக்காரர் தம் குழுவோடு போர்ட் பிளேரில் இருந்தார். உலகெங்கும் உள்ள அமெச்சூர்களோடு தொடர்பு கொள்வதற்காக அந்தமானுக்குப் போயிருந்தவர்கள் அவர்கள். அதுவரை அவர்கள் செய்தது ‘கேட்கிறது, நன்றி, 73’ என்று நிமிஷத்துக்கு ஒருவரை முடித்து அனுப்பும் வேலை. அன்றைக்கு அந்த வேலையை நிறுத்திவிட்டு, தீவிலிருந்த ஜனங்களின் சேதியைக் கரையிலிருந்த உறவினர்களுக்குச் சேர்க்கத் தொடங்கினார்கள். உயிரோடு இருக்கிறேன் என்ற சேதிக்கு எண் கிடையாது. யார், எந்த ஊர், யாருக்கு என்று சொல்லித்தான் ஆகவேண்டும். கருவி அதேதான், காற்றும் அதேதான். எந்த இடத்தில் குறி போதும், எந்த இடத்தில் பெயர் வேண்டும் என்ற விவேகம்தான் முக்கியம்.

அடையவளஞ்சான் வீதிப் பெரியவர் சொன்ன இன்னொரு விஷயத்தையும் இங்கே சேர்த்துக்கொள்கிறேன். புள்ளியும் கோடும் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான். அதிலே யாரும் தம் இஷ்டத்துக்கு எதையும் மாற்ற முடியாது. அப்படியிருந்தும், அந்தப் பக்கம் விசையில் உட்கார்ந்திருப்பது விழுப்புரத்தில் யார், தஞ்சாவூரில் யார் என்று பெயர் சொல்லாமலே நாலு எழுத்தில் கண்டுபிடித்துவிடுவார்களாம். ‘கை தெரியுங்க’ என்பார். கோட்டை ஒரு மயிரிழை நீட்டுவதில், இரண்டு எழுத்துக்கு நடுவே விடும் இடைவெளியில் ஆள் தெரிந்துவிடும். அவர்கள் இதற்காக முயற்சி எடுத்ததில்லை. சேதி சுத்தமாகப் போக வேண்டும் என்று மட்டும் அடித்தார்கள். கை தானாகத் தெரிந்தது.

நடை என்று நாம் சொல்வது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மதிப்புரைக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம்: இனிமேல் ‘தந்தி நடை’ என்று எழுதும் முன், அந்த எழுத்தில் தெரிவது கட்டணமா, கையா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு எழுதுங்கள்.